தெளிவு நிலையமும் சக்கரத்துக் கல்லும்

பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்த அறிவிப்பின் தலையில் கொட்டை எழுத்தில் இரண்டே வார்த்தைகள் இருந்தன: ‘பதற்றம் வேண்டாம்’. அதைப் படித்ததும்தான் அவருக்குப் பதற்றமே வந்தது. சிவனே என்று உட்கார்ந்து சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிற மனிதனிடம் வந்து, பதறாதே பதறாதே என்றால் அவன் வேறென்ன செய்வான்?

அதற்குக் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார். “தங்கள் வாகனத்தில் பொருத்தப்பட்டுள்ள வேகக் குறைப்பு ஏற்பாடானது, குறிப்பிட்ட சில சூழல்களில், ஓட்டுநரின் எதிர்பார்ப்புடன் முழுமையாக ஒத்துழைக்காமல் போவதற்கான சாத்தியக்கூறு முற்றிலுமாக விலக்கப்படவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “என்னங்க, பிரேக் பிடிக்காதுன்னு சொல்றானா?”

“அப்படிச் சொல்லலையே.”

“அப்ப பிடிக்கும்னு சொல்றானா?”

“அப்படியும் சொல்லலை.”

“பின்ன என்னதான் சொல்றான்?”

“பதற்றம் வேண்டாம்னு சொல்றான்.”

“இதுல மகிழ்ச்சி வேற படுறானா? நாசமாப் போக!” என்றாள் அவள். எழுந்து போய், பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து, வாசலில் நின்ற காரின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். “அவன் எழுதினது என்னன்னு உங்களுக்கு விளங்குற வரைக்கும் இது பிடிக்கும்.”

அவர்கள் வீடு மேட்டுச் சாலையின் நடுவில் இருந்தது. அந்தச் சாலைக்கு மேடு என்று பெயர் வைத்தது மேலே ஏறிப் போகிறவனாகத்தான் இருக்க வேண்டும். இறங்கி வருகிறவனைக் கேட்டால் பள்ளம் என்றிருப்பான். பள்ளிக்கூடத்து வளைவு, சந்தை வளைவு இரண்டையும் தாண்டி நேராகக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி வாசல். வாடகை வண்டிக்காரர்கள் மேட்டுச் சாலை என்றாலே “வராதுங்க” என்று போனை வைத்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ் வரும், ஆனால் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதற்காகத்தான் பூட்டுக்காரர் இந்தக் காரை வாங்கினார். அதுவும் இப்போது வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியாக மகள் இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தார். டாக்டரம்மா சொல்லிவிட்டாள்: இனி எந்த நாளிலும் வலி எடுக்கலாம், எடுத்ததும் தாமதிக்காமல் கொண்டுவந்துவிடுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் அறிவிப்பைப் பார்த்ததும் நெருப்பைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டான். “அண்ணே, இது பழைய காலத்துப் பிரேக் இல்லை. கம்ப்யூட்டர் சொன்னாத்தான் பிடிக்கும். நான் பிரிச்சா வண்டியே ஸ்டார்ட் ஆகாது. அதோட, அறிவிப்பு வந்த வண்டியை வெளியில தொட்டா என் கடைக்குச் சீல் வெச்சிடுவாங்க. மேல ஒரு நிலையம் தொறந்திருக்காங்களே, அங்க போங்க.”

நிலையம் என்பது, அறிவிப்பின் அடியில் போட்டிருந்த ‘வாகன உரிமையாளர் தெளிவு நிலையம்’. வண்டியின் தொழில்நுட்பமும் பாதுகாப்பும் பழுது அறிவிப்பும் சாமானியனுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கப்பட்டதாம். மேட்டுச் சாலையின் உச்சியில் கண்ணாடி மாளிகையாக நின்றது. பூட்டுக்காரர் காரை எடுக்காமல் மூச்சு வாங்க நடந்தே ஏறிப் போனார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். வண்டியை ஓட்டலாமா, கூடாதா? ஆயுசு முழுக்க அவர் தொழில் அப்படி. பூட்டைக் கொண்டுவந்து நீட்டினால் திறக்கும் என்பார், இல்லை உடைக்கத்தான் வேண்டும் என்பார். நடுவில் ஒரு பேச்சு கிடையாது.

நிலையத்துக் கூடத்தின் நடுவில், பளபளவென்று தேய்த்த ஒரு வெண்கல மணி தொங்கியது. அதற்குப் பக்கத்து மேசையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க சார். உங்களுக்குப் புரியலையா, இல்லை தப்பா புரிஞ்சிருக்கா?”

“என்னம்மா கேக்குறீங்க?”

“புரியலைன்னா முதல் அறை. தப்பா புரிஞ்சிருந்தா ரெண்டாவது அறை.”

“சரியா புரிஞ்சிருந்தா?”

“அப்ப நீங்க ஏன் சார் இங்க வரப்போறீங்க?”

அதுவும் நியாயம்தான் என்று பட்டது அவருக்கு. “தாயே, எனக்கு அறையெல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த வண்டியை ஓட்டலாமா, கூடாதா? பொண்ணு நிறைமாசமா இருக்கா. இறக்கத்துல பிரேக் மட்டும்...”

அம்மாள் சட்டென்று கையை உயர்த்தினாள். நாலு பேர் நடுவில் அவர் கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல அக்கம்பக்கம் பார்த்தாள். “சார், அந்த வார்த்தை இங்க வேண்டாம்.”

“எந்த வார்த்தை? பிரேக்கா?”

“ஐயோ, திரும்பவும் சொல்றீங்களே! இங்க நாங்க யாரும் அதைச் சொல்றதில்லை. ஜனங்களுக்குப் பதற்றம் வந்துடும். வேகக் குறைப்பு எதிர்பார்ப்புன்னு சொல்லுங்க.” அவர் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தாள். “ரெண்டாவது அறைக்குப் போயிடுங்க. ரொம்ப ஆழமா தப்பா புரிஞ்சு வெச்சிருக்கீங்க.”

இரண்டாவது அறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டு டீச்சர். இருவருக்கும் அதே கார், அதே அறிவிப்பு. கழுத்தை இறுக்கி டை கட்டிய பயிற்சியாளர், மரப்பலகையில் செய்த ஒரு பொம்மைக் காருக்குள் கடைக்காரரை உட்காரவைத்திருந்தார். காலுக்கடியில் ஸ்பாஞ்சில் ஒரு பெடல்.

“மிதிங்க. என்ன உணர்றீங்க?”

“பொதபொதன்னு உள்ள போகுது.”

“அதுக்குப் பேரு மென்மை. சொல்லுங்க, மென்மை.”

“சார், என் நிஜ வண்டியும் போன வாரம் இப்படித்தான் பொதபொதன்னு போச்சு. மிதிச்சேன், நிக்கலை.”

“நிக்கலைன்னு சொல்லக்கூடாது. பயணம் தொடர்ந்ததுன்னு சொல்லணும்.”

“தொடர்ந்து போய் என் கடைச் சுவத்துலேயே முட்டிச்சு சார்!”

“பயணம் நிறைவடைஞ்சது. பார்த்தீங்களா, அதே விஷயம்தான். ஆனா கேக்கும்போதே மனசுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு!”

பாட்டு டீச்சர் பொறுக்க மாட்டாமல் எழுந்தாள். “நிம்மதி உங்களுக்குத்தான் சார் இருக்கு. நான் பிள்ளைங்களைக் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போறவ. வண்டி நிக்குமா நிக்காதான்னு கேட்டா, நீங்க புதுசா பாட்டு சொல்லிக் கொடுக்குறீங்களே?”

“உங்க கோபம்கூட ஒரு நல்ல அறிகுறி மேடம். தெளிவுக்கு முந்தின படி,” என்றார் பயிற்சியாளர். அசந்தால் ஆளையே விற்றுவிடுவார் போலிருந்தது.

இங்கேதான் பூட்டுக்காரர் ஒரு தப்புப் பண்ணினார். கடைக்கு வருகிறவர்கள் சாவி தொலைந்த கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்வார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம், எந்தச் சட்டை போட்டிருந்தோம், கொழுந்தியாள் என்ன சொன்னாள் என்பது வரைக்கும் வரும். அவர் காதில் ஒன்றும் வாங்க மாட்டார். கண் பூட்டில் இருக்கும், தலை மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். தொழில் கொடுத்த பழக்கம் அது. பயிற்சியாளர் திரையில் அம்புக்குறி போட்டு, பெடலிலிருந்து கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து எதிர்பார்ப்புக்கும் என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, அவர் மனம் மகளிடம் இருந்தது. தலை ஆடிக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டார். “புரிஞ்சிடுச்சு! சாருக்குப் புரிஞ்சிடுச்சு!” என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். டங், டங், டங் என்று மணி அடித்தது. அறை அறையாகக் கதவுகள் திறந்தன. அலுவலர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பூட்டுக்காரர் “இல்லைங்க, நான் சும்மா...” என்று வாயைத் திறப்பதற்குள் அட்டையில் செய்த பெரிய ஸ்டியரிங்கை அவர் கழுத்தில் மாட்டி, போட்டோ எடுத்து, ‘தெளிவடைந்தவர்’ என்று ஒரு சான்றிதழைக் கையில் திணித்துவிட்டார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த நிலையத்தில் மணியோசை மட்டும்தான் வந்தது. யானையை இன்றுவரை ஒருத்தரும் பார்க்கவில்லை.

“சரி, போகட்டும். வண்டியை எங்க சரி பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

பழுதுப் பிரிவு என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. கழிப்பறையைத் தாண்டி, உடைந்த நாற்காலிகள் அடுக்கிய மூலையில் ஒரு மேசை. அதன் பின்னால் ஓர் அதிகாரி. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பது இவரைப் பார்த்த பிறகுதான் சொல்லியிருப்பார்கள்.

“தெளிவடைஞ்சவரா? அடடே, உட்காருங்க. அப்ப உங்களுக்கு அவசரமே இல்லை.”

“ஏன் சார் இல்லை?”

“ஆபத்து தெரியாதவனுக்குத்தான் சார் ஆபத்து. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச குழியில யாராவது விழுவாங்களா? இனிமே எது நடந்தாலும் நீங்க தெரிஞ்சே ஓட்டினதுதான். கம்பெனிக்கும் எங்களுக்கும் அதுல சம்பந்தமே கிடையாது. சான்றிதழ் பின்பக்கம் போட்டிருக்கே, பார்க்கலையா?”

திருப்பிப் பார்த்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அதேதான் இருந்தது. “அப்ப தெளிவடையாதவங்க வண்டியை முதல்ல சரி பண்ணுவீங்களா?”

“அது எப்படி முடியும்? அவங்களுக்குத்தான் நாங்க என்ன பண்றோம்னே புரியாதே.”

“அப்ப யாரு வண்டியைத்தான்யா பண்ணுவீங்க?”

“அருமையான கேள்வி. இப்படிக் கேக்குறதே உங்க தெளிவுக்கு அத்தாட்சி.” அதிகாரி முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். மனிதர் கெட்டவர் இல்லை, மனம் விட்டுப் பேசுகிறவர். “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பார்ட் வரலை. வரவழைக்கவும் இல்லை. வந்துட்டா வண்டியெல்லாம் சரியாயிடும். சரியாயிட்டா அறிவிப்பு வேண்டாம். அறிவிப்பு இல்லைன்னா எதைத் தெளிவு பண்றது? எத்தனை குடும்பம் சார் இந்த நிலையத்தை நம்பி இருக்கு! அதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

பூட்டுக்காரர் சான்றிதழை மேசைமேல் வைத்தார். “இதை எடுத்துக்கோங்க. எனக்கு எதுவும் புரியலைன்னு எழுதிக்கோங்க.”

“மணி அடிச்சாச்சே சார்,” என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு சான்றிதழை அவர் பக்கமே தள்ளி. “அடிச்ச மணியை எப்படி அடிக்காம ஆக்குறது?”

அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மகள் வாசற்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “அப்பா, வலி வந்தா எப்படிப்பா போறது? வண்டியிலதானே?”

அவர் வாயைத் திறந்தார். ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. பெற்ற பெண் கேட்ட ஒரு கேள்விக்கு, அந்த நிலையத்துக்காரனைப்போலத் தானும் வழவழா கொழகொழா என்று நிற்கிறோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. “பார்த்துக்கலாம்மா,” என்றார். “பதறாதே,” என்று சொல்ல வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“என்ன பார்த்துக்கப் போறீங்க? கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு பல்லை இளிச்சுட்டு வந்திருக்கீங்க,” என்றாள் மனைவி. நிலையத்திலிருந்து போனுக்கு அனுப்பியிருந்த போட்டோவை அவள் பார்த்துவிட்டாள். “போனது ஒரு கேள்வியோட. வந்தது ஒரு சர்டிபிகேட்டோட. உங்களை அனுப்பினதுக்கு அந்தக் கல்லை அனுப்பியிருக்கலாம். அதுவாவது தலையாட்டாம இருந்திருக்கும்.”

அந்த வாரமே காய்கறிக் கடைக்காரரின் பயணம் மறுபடியும் நிறைவடைந்தது. இந்த முறை சந்தை வளைவில், ஒரு விளக்குக் கம்பத்தில். கால் எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. பூட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிலையம் அனுப்பிய பூச்செண்டு இருந்தது. அதில் ஓர் அட்டை: ‘தாங்கள் தெளிவடைந்த பிறகே இது நிகழ்ந்தது என்பதில் நிம்மதி அடைகிறோம்.’

“எனக்கு மணி அடிக்கவே வேண்டாம்னு சொன்னேன் அண்ணே,” என்றார் கடைக்காரர். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. “அந்த மிதியை இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னான். சரிங்கன்னேன். சரிங்கன்னதுக்கு அடிச்சுட்டான்.”

அன்று மேடு ஏறி வருகையில் பூட்டுக்காரர் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பாழாய்ப் போனவர்களே, ஒரு வார்த்தைடா! ஓட்டாதே என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்த மனுஷனுக்குக் கால் முழுசாக இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் இருக்கத்தானே இத்தனை கண்ணாடியும் இத்தனை நாற்காலியும் இத்தனை சம்பளமும்?

ஆனால் மனித மனத்துக்கு வெட்கம் கிடையாது. நிலையத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்ததும் அது மறுபடியும் நம்ப ஆரம்பித்தது. ஆண்டு விழாவாம். ‘சிறந்த தெளிவாளர்’ என்று பூட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ‘வாகனத்துடன் வருக. மேடையில் தங்கள் வாகனத்துக்கு ஒரு நற்செய்தி காத்திருக்கிறது’ என்று போட்டிருந்தது.

“பார்ட் வந்திருக்கும்,” என்றார்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்,” என்றாள் மனைவி. இருந்தாலும் அவளும் மகளின் வயிற்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கல்லை எடுத்து டிக்கியில் வைத்தாள். “ஏறிப் போறதுக்குப் பிரேக் தேவையில்லை, பிடிக்காட்டியும் பரவாயில்லை. மெதுவா போங்க. போனதும் மறக்காம முட்டுக் கொடுங்க. போனைக் கையிலேயே வெச்சுக்கோங்க.”

முதல் கியரில் உறுமிக்கொண்டே கார் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மட்டுமில்லை, அழைப்பு வந்த உரிமையாளர்கள் எல்லாரும் அதே நம்பிக்கையில் அதே காரை அதே முதல் கியரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பாட்டு டீச்சரும் வந்திருந்தாள். காய்கறிக் கடைக்காரரைக் காலில் கட்டோடு சக்கர நாற்காலியில் வைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். தெளிவடைந்த பிறகு அடிபட்டவர் என்பதால் அவருக்குத் தனி மரியாதை.

நிலைய இயக்குநர் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைச் செருகிக்கொண்டு மேடையில் அங்குமிங்கும் உலாவியபடி பேசினார். நல்ல உயரம், நல்ல குரல்.

“நண்பர்களே! ஒரு காலம் இருந்தது. வண்டியில என்ன கோளாறுன்னே தெரியாம ஜனங்க விபத்துல மாட்டினாங்க. பரிதாபமா, எதுவுமே தெரியாம அடிபட்டாங்க. இன்னிக்கு நிலைமை என்ன? பெருமையா சொல்றேன், இன்னிக்கு ஒருத்தர்கூட தெரியாம மாட்டுறதில்லை. எல்லாரும் தெரிஞ்சேதான் மாட்டுறாங்க!” கைதட்டல். “சில பேர் கேக்குறாங்க, நீங்க ஒரு வண்டியையாவது சரி பண்ணீங்களான்னு. நான் திருப்பிக் கேக்குறேன். வண்டியைச் சரி பண்றது பெருசா, மனுஷனைச் சரி பண்றது பெருசா? வண்டி இன்னும் கொஞ்ச வருஷத்துல பழைய இரும்பாயிடும். தெளிவு சாகுற வரைக்கும் கூட வரும்!”

“சில பேருக்கு அந்தச் சாகுற நாள் சீக்கிரமே வந்துடும்,” என்றார் காய்கறிக் கடைக்காரர் உரக்க. இயக்குநர் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

பிறகு நற்செய்தி. பூட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டு, வாத்தியம் முழங்க, ஒரு வெல்வெட் தட்டைத் திறந்தார்கள். உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ‘இவ்வாகனத்தின் உரிமையாளர் தெளிவடைந்தவர்’. அதைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். பின்னால் வருகிறவர்கள் இடைவெளி விட்டு வர வசதியாக இருக்குமாம்.

பூட்டுக்காரர் அந்த ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காது மடல் இரண்டும் கொதித்தன. அப்போதும் அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் மணி அடித்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

விழா முடிந்தது. இயக்குநருக்குத் தலைநகரில் அன்று மாலை ஒரு விருது, தெளிவுக்காகத்தான். அவசரமாகக் கீழே இறங்கி வந்தார். அவருடைய கார் வேறு கம்பெனி, புத்தம் புதுசு, அறிவிப்பெல்லாம் வராத ஜாதி. வாசலில் அதன் டிரைவர் பேயறைந்தவன்போல நின்றான். சாவி உள்ளே கிடந்தது. கதவு பூட்டிக்கொண்டுவிட்டது.

“பூட்டு வேலை தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்று குரல் எழுந்தது. நம் சிறந்த தெளிவாளரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். வந்திருந்த ஜனம் மொத்தமும் சுற்றி நின்றது.

பூட்டுக்காரர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு நிமிஷத்து வேலை. எப்போதும் மடியில் இருக்கிற கம்பி அன்றும் இருந்தது.

“திறக்குமா?” என்றார் இயக்குநர்.

பூட்டுக்காரர் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “பதற்றம் வேண்டாம் சார். கதவுத் திறப்பு ஏற்பாடு, சில சூழல்கள்ல, உரிமையாளரோட எதிர்பார்ப்புக்கு ஒத்துழைக்காம போறதுக்கான சாத்தியக்கூறு முற்றிலுமா விலக்கப்படலை.”

“என்னய்யா உளர்றே? எனக்கு நேரமாச்சு. திறக்குமா, திறக்காதா?”

“மகிழ்ச்சியுடன் தெரிவிச்சுக்கிறேன் சார்...”

“யோவ்! ஒரே வார்த்தையில பதில் சொல்லுய்யா! திறக்குமா, திறக்காதா? இதுக்குப் பதில் சொல்ல உனக்கு என்ன கேடு?”

“அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் நானும் இந்த மேட்டுல நாயா அலைஞ்சேன்,” என்றார் பூட்டுக்காரர். “சரி, உங்களுக்கு அவசரம். அதோ நிக்குதே, என் வண்டி. நீங்களே இப்ப மேடையில கும்பிட்டு ஸ்டிக்கர் கொடுத்த வண்டி. இறக்கம்தான், சல்லுனு போயிடலாம். ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்.”

“அதுலயா?” இயக்குநர் இரண்டடி பின்னால் போனார். “என்னைக் கொல்லப் பார்க்கிறியா? அதுல பிரேக் பிடிக்காதுய்யா!”

காலர் மைக்கை அவர் இன்னும் கழற்றவில்லை. பிரேக் பிடிக்காதுய்யா என்று கூடத்துச் சுவரெல்லாம் சொன்னது. வாசல் ஒலிபெருக்கி சொன்னது. அந்த வார்த்தையைக் கேட்டு மூக்குக் கண்ணாடி அம்மாள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு டீச்சர் மட்டும் விறுவிறுவென்று கூடத்துக்குள் போனாள். டங், டங், டங். “சாருக்குப் புரிஞ்சிடுச்சு!” என்றாள், நல்ல உச்சஸ்தாயியில். கடைக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பூட்டுக்காரரின் கையில் இருந்த போன் அடித்தது. “என்னங்க, அவளுக்கு எடுத்துடுச்சு. பனிக்குடம் உடைஞ்சு போச்சு. நான் எதுல கூட்டிட்டுப் போவேன்?” மனைவியின் குரலுக்குப் பின்னால் மகள் அலறுவது கேட்டது.

அதற்கப்புறம் பூட்டுக்காரர் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. கம்பி உள்ளே போனது, ஒரு திருகு, கதவு திறந்தது. டிரைவரைப் பார்த்தார். “தம்பி, என் பொண்ணுக்குப் பிரசவ வலி. நடு மேட்டுல வீடு. உன் வண்டியில பிரேக் பிடிக்குமா?”

“பிடிக்கும்ணே,” என்றான் டிரைவர். ஒரே வார்த்தை. அத்தனை நாளில் அந்த வளாகத்துக்குள் அவருக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான். அவர் கண் கலங்கிவிட்டது. “ஏறுங்கண்ணே, சீக்கிரம்.”

“ஏய், அது என் வண்டி! நான் எதுல போறது?” என்று இயக்குநர் கத்தினார்.

“உங்க பயணம் தொடரும் சார்!” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். இயக்குநர் விழா மாலையோடு மேட்டுச் சாலையில் நடந்தே இறங்கிப் போனதைப் பள்ளிக்கூடத்து வளைவில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனாலும் விருதை மறுநாள் வீட்டுக்கே அனுப்பிவைத்துவிட்டார்களாம். அவர்களுக்கு அதெல்லாம் தவறாது.

வந்திருந்த உரிமையாளர்கள் ஒருவரும் காரை இறக்கவில்லை. நிலையத்து வாசலை அடைத்து அப்படியே நிறுத்தி, பின்சக்கரத்துக்கு ஆளுக்கொரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். நிலையத்தார் கூப்பிட்டுக் கேட்டதற்கு, நாங்கள் தெளிவடைந்துவிட்டோம், இனி ஓட்ட மாட்டோம் என்றார்கள். அலுவலர்கள் இப்போது சுவரேறிக் குதித்து வேலைக்குப் போகிறார்கள். நிலையமும் சும்மா இருக்கவில்லை. ‘கற்களைப் பற்றிய தெளிவு’ என்று புதிதாக ஒரு வகுப்பைத் தொடங்கிவிட்டது. அதற்கும் மணி அடிக்கிறார்கள்.

பூட்டுக்காரரின் கார் முதல் வரிசையில் நிற்கிறது. பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லை. பார்ட் இன்னும் வரவில்லை. அவர் மனைவி துணி துவைக்கிற இடத்திலிருந்து தூக்கி வந்த அந்தக் கருங்கல் சக்கரத்துக்கு அடியில் கிடக்கிறது. அந்த வண்டிக்கு இதுவரை யாராவது செய்த ரிப்பேர் என்றால் அது ஒன்றுதான்.